அத்தை மரத்தடியில் நடந்த ஆராய்ச்சி

எங்கள் மலையில் பெண்ணுக்கு நிலமோ மரமோ கிடையாது, அதுதான் வழக்கம் என்று நீங்கள் எழுதியது பொய், பேராசிரியரே. தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள நீங்கள் முயலவே இல்லை.

நீங்கள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டக் கல்லூரி வாத்தியார் மலை வழக்கங்களை ஆராய்ச்சி செய்ய வருகிறார் என்று என் தம்பி காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். போனில் உங்களுக்கு வழி சொன்னவனும் அவன்தான்.

"ஜமுனாமரத்தூர்ல ஜீப் ஏறுங்க சார். அத்த மரத்தாண்ட எறங்கிக்குங்க. டிரைவருகிட்ட அத்த மரம்னா போதும்."

சொன்ன இடத்தில் இறங்கினீர்கள். அந்தப் புளியமரத்து நிழலிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

தண்ணீர் கொண்டுவந்தபோது தம்பியிடம் சொத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு சார் நெலம்? கட்டிக் குட்த்துட்டா அதோட சரி."

"அதுதான் உங்க வழக்கமா?"

"ஆமா சார். தாத்தா காலத்துலருந்து அதான்."

"டேய், அத்த மரத்துக்குக் கீழ குந்திகினே சொல்றியே, வாய் கூசல?" என்றேன்.

தம்பி உங்களைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அக்கா சார். புருசன் வூட்டுலருந்து வந்துட்டாங்க. அந்தக் கோவம்."

நீங்களும் சிரித்தீர்கள். பேனா என் பக்கம் திரும்பவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு மலை இறங்கிவிட்டீர்கள்.

அந்த மரத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது என் அத்தையின் மரம். என் அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் ஆனபோது அவருக்கு அந்த மரத்தையும் அடியில் இருக்கும் நிலத்தையும் கொடுத்தார்கள். அத்தை இறந்த பிறகு, மாசி மாதமானால் அத்தை மகள் வந்து புளி உலுக்கிக்கொண்டு போகிறாள். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு பெண்ணின் சொத்து நிழல் கொடுக்க, அதன் கீழே உட்கார்ந்து பெண்ணுக்குச் சொத்தில்லை என்று எழுதிக்கொண்டு போனீர்கள். இதற்குப் பெயர் கள ஆய்வாம்.

உங்களுக்கு அதோடு வேலை முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அப்பா இறந்ததும், எட்டு வருடமாக நான் பாடுபட்ட அவருடைய சாமைக் கொல்லையிலிருந்து தம்பி என்னை வெளியேறச் சொன்னான். நான் கீழே போய் வழக்குப் போட்டேன். மலைசாதிக்காரர்களுக்கு வாரிசுச் சட்டம் நேராகச் செல்லாது, வழக்கம் என்ன என்று பார்ப்பார்கள் என்று என் வக்கீலம்மா சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழக்கம் என் பக்கம்தானே என்று நினைத்தேன்.

அடுத்த வாய்தாவில் தம்பியின் வக்கீல் உங்கள் கட்டுரையை எடுத்து நீட்டினார்.

வக்கீலம்மா அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். பக்கத்தில் பாதி உங்கள் எழுத்து, பாதி அடிக்குறிப்பு. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வரிக்கும் ஓர் எண் போட்டிருந்தீர்கள். அந்த எண்ணைத் தேடிக் கீழே போனால், "ஊர்ப் பெரியவர் ஒருவருடன் நேர்காணல்" என்று இருக்கிறது. அந்தப் பெரியவர் என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். அத்தை மரத்தின் படமும் இருந்தது. கீழே "ஊர்ப் பொதுவிடம்" என்று போட்டிருந்தது.

"அத்தை பொண்ணு வந்து சாட்சி சொல்றேன்றா" என்றேன்.

"வரட்டும்மா. ஆனா நம்மகிட்ட இருக்கறது வாய்வார்த்தை. அவங்க கையில அச்சடிச்சதே இருக்கே" என்றார்.

வெளியே வந்தபோது தம்பி கேட்டான்: "இன்னா யக்கா, காலேஜ் வாத்தியாரே எழுதிட்டாரு. நீ இன்னும் கத்திகினு கீற?"

அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். அது ஆராய்ச்சிக் கட்டுரை, கோர்ட்டில் யார் எப்படிப் பயன்படுத்தினாலும் நீங்கள் பொறுப்பல்ல என்றீர்கள். அப்படியென்றால் யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். மற்ற ஆய்வாளர்களுக்காக என்றீர்கள். வேண்டுமானால் நானும் ஒரு மறுப்புக் கட்டுரை அனுப்பலாம், ஆனால் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அடிக்குறிப்போடு இருக்க வேண்டும் என்றீர்கள். கொல்லையில் களை எடுக்கிறவளிடம் இதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லை. இப்படி ஒருவர் எழுதியதை இன்னொருவர் எண் போட்டுக் காட்டி, அவரை இன்னொருவர் காட்டி, எல்லோரும் பதவி உயர்வு வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தச் சங்கிலியின் அடியில் போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்ட என் தம்பி நிற்கிறான்.

வழக்கு முடியவில்லை. கொல்லையில் இந்த வருடமும் நான்தான் விதைத்திருக்கிறேன். அறுப்பேனா என்று தெரியாது.

ஜமுனாமரத்தூர் வாரச்சந்தை அன்று வாருங்கள். மலைப் பெண்கள் எல்லோரும் அன்று அங்கே இருப்போம். எங்கள் வழக்கத்தை எழுதுவதற்கு எத்தனை பெண்களிடம் கேட்டீர்கள்? எங்கள் முன்னால் நின்று, சத்தமாகப் பதில் சொல்லுங்கள். பிறகு அதே பதிலை அதே பத்திரிகையில் போடுங்கள். கோர்ட்டுக்கு எடுத்துப்போக எனக்கும் அச்சடித்த தாள் ஒன்று வேண்டும்.