நாற்பது வருஷப் பத்திரம்

அம்மாவுக்கு கிராஜுவிட்டிப் பணம் கிடைத்த வாரத்தில் வீடு போயிற்று. எஸ்டேட்டில் அப்படித்தான். வேலையில் இருக்கும்வரை தொழிலாளர் லயத்து வரிசையில் ஓர் அறையும் அடுப்படியும் உண்டு. ஓய்வு பெற்றால், சாவியைக் கொடுத்த பிறகுதான் கணக்கு முடித்துப் பணம் தருவார்கள். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளியவள், ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு தகரப்பெட்டி, ஒரு மிக்ஸி, ஒரு மாதா படம் ஆகியவற்றோடு வண்டன்மேட்டில் என் வாடகை வீட்டுக்கு வந்து இறங்கினாள். அப்பா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. நான் ஒரே பிள்ளை.

வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"இந்தப் பணத்துல ஏலப்பாறையில மூணு சென்ட்ல ஒரு வீடு வாங்கணும்யா. ஓட்டு வீடுன்னாலும் சரி. ஆனா என் பேர்ல இருக்கணும். இனி யாரும் எங்கிட்ட சாவி கேக்கக் கூடாது."

வீடு அமையும்வரை பணத்தை எங்கே வைப்பது என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். கம்பம்மெட்டில் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன், தனக்கே கடனாகத் தரலாம் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான். கோயிலில் பழக்கமான ஒருத்தி, சீட்டு நடத்தும் ஒருவரைக் கைகாட்டினாள். நான் கருவூலப் பத்திரம் என்றேன். யாருக்கும் புரியவில்லை. டிரஷரி பில் என்றேன். அப்போதும் புரியவில்லை, ஆனால் கொஞ்சம் மரியாதை வந்தது.

நான் ஏலக்காய் ஏலம் விடும் நிறுவனம் ஒன்றில் கணினி பார்க்கிறவன். வியாபாரிகள் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து விலையை ஏற்றுவார்கள். தோட்டக்காரர்கள் பின்னால் உட்கார்ந்து சுவரில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலை பிடிக்கவில்லை என்றால் 'குடுக்கல' என்று ஒரே வார்த்தை, காய் மூட்டை திரும்ப வீட்டுக்குப் போய்விடும். விலை தெரியாமல் வாங்குவதும் விற்பதும் எங்கள் ஊரில் இல்லை. சர்க்கார் பில்லும் ஏலத்தில்தான் போகிறது, புதன்கிழமைதோறும். ஆனால் என்னைப் போன்ற தனி ஆள் அங்கே விலை சொல்வதில்லை. இத்தனை ரூபாய்க்கு வேண்டும் என்று மத்திய வங்கியின் இணையதளத்தில் எழுதிப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். பெரிய வங்கிகள் மோதி முடிக்கும் விலையின் சராசரி எதுவோ, அதுதான் நமக்கும். நான் இரண்டு வருஷமாக இதில் என் சேமிப்பைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். விலை கேட்காமல் ஏலம் எடுக்கிற ஒரே ஆள் இவன்தான் என்று உடன் வேலை செய்கிறவர்கள் டீக்கடையில் என்னைக் காட்டிச் சொல்வார்கள்.

அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கினேன். நூறு ரூபாய்ப் பத்திரத்தைத் தொண்ணூற்றெட்டுச் சொச்சத்துக்கு வாங்குகிறோம். தொண்ணூற்றொரு நாள் கழித்து சர்க்கார் முழு நூறாகத் திருப்பித் தரும். இடையில் வட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது.

அம்மா கேட்டாள்.

"அப்ப வட்டிய முன்னாலயே பிடிச்சுக்கிட்டுத்தான் நாம பணம் குடுக்கோமா?"

"ஆமாம்மா."

"அப்ப நான்தான வட்டிக்காரி?"

இத்தனை சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது. சம்பள நாளில் லயத்துக்கு பைக்கில் வட்டிக்காரர்கள் வருவார்கள். ஆயிரம் எழுதிக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பார்கள். என் பள்ளிக்கூடப் பீஸுக்காக அம்மா பல தடவை அவர்கள் முன்னால் நின்றிருக்கிறாள். இப்போது எழுதிக் கொடுக்கிற இடத்தில் சர்க்கார் நின்றது, பிடித்துக்கொண்டு கொடுக்கிற இடத்தில் அவள். அவளுக்கு இது தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது. ஏலப்பாறைக்குப் போன் போட்டு, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருத்தியிடமும், "நான் சர்க்காருக்கு வட்டிக்குக் குடுத்திருக்கேன்டீ, தவணை தப்பினா ஆளனுப்பிருவேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

தவணை தப்பவில்லை. தொண்ணூற்றொன்றாம் நாள் பணம் முழுசாக அவள் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீடு இன்னும் அமையவில்லை. "மறுபடியும் அதே மாதிரி போட்டு வையி" என்று சொல்லிவிட்டு அவள் என் மகளுக்குத் தலை வாரப் போய்விட்டாள். கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் திரையும் விரலும் என்னுடையவை.

அந்த வாரம் தளத்தில் பில்களோடு நீண்ட காலப் பத்திரங்களும் விற்பனைக்கு இருந்தன. அவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும், முடிவில் அசல் வரும். அதில் எல்லாவற்றையும்விட வட்டி கூடியது எதுவோ அதில் அம்மாவின் பணம் முழுவதையும் போட்டேன். அது நாற்பது வருஷப் பத்திரம்.

இதைப் பற்றிக் கேட்ட ஏல மண்டபத்து ஆட்களிடமெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். நாள் முழுக்க ஏலத் திரையைப் பார்க்கிறவன், கண் பெரிய எண்ணில் போய் நின்றுவிட்டது, முதிர்வு வருஷத்தைக் கவனிக்கவில்லை. நம்பும்படியான பதில். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் செய்யக்கூடிய தப்பு.

ஆனால் நான் வருஷத்தைப் பார்த்தேன். எண்ணை ஒரு தடவை வாசித்து, அம்மாவின் வயதோடு கூட்டியும் பார்த்தேன். அப்போது மனதில் ஓடியது, நல்லதுதான், சட்டென்று எடுக்க முடியாது என்பது. அம்மா வந்ததிலிருந்து வீடு வேறு வீடாகியிருந்தது. என் மனைவி சுகாதார நிலையத்தில் லேப் வேலை முடித்து வரும்போது அடுப்பில் குழம்பு இருக்கும். நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தது நின்றுபோயிருந்தது. ஏலப்பாறையில் வீடு வாங்கினால் அவள் போய்விடுவாள். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் பட்டனை அழுத்தினேன். எந்த வார்த்தையில் சொன்னாலும் இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மா ஏலப்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாள். முகமே வேறாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"வீடு கிடைச்சிருச்சுய்யா. நம்ம பழைய சூப்பர்வைசரு வீடு, மூணு சென்டு, கோயிலுக்கு நடந்து போற தூரம். அவுக தென்காசிக்குப் போறாகளாம். நம்ம பணத்துக்குள்ள முடிஞ்சிரும். மகன் அடுத்த மாசம் பணம் எடுத்துருவான்னு வாக்குக் குடுத்துட்டு, கையில கெடந்தத அட்வான்ஸாவும் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் தொண்ணூற்றொரு நாளை விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள். "சரிம்மா" என்றேன்.

பத்திரத்தை நடுவில் விற்க முடியாது என்று இல்லை. விற்பதற்கும் அந்தத் தளத்தில் இடம் உண்டு, வாங்குகிறவன்தான் வர வேண்டும். எங்கள் அளவு சின்னத் தொகைக்கு யாரும் வந்து நிற்பதில்லை. ஒரு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏல மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். போதாததற்கு, நான் வாங்கிய பிறகு வெளியே வட்டி விகிதம் ஏறியிருந்தது. புதுப் பத்திரத்தில் வட்டி கூடினால் பழையதைச் சீந்த ஆளிருக்காது. கடைசியில் வந்த ஒரே விலை நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அந்த விலைக்கு விற்றால் வீட்டுக்குப் பணம் போதாது. குறைகிறதை நான் கடன் வாங்கிப் போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதைச் செய்யாமல், நாளைக்கு விலை ஏறும், நாளைக்கு ஏறும் என்று, காயைத் திருப்பி எடுத்துப்போகிற தோட்டக்காரன் மாதிரி தள்ளிக்கொண்டே போனேன்.

மனைவி என் போனைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், வருஷத்தைப் பார்த்ததையும். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"அத்த போயிட்டா பிள்ளைக்கு நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல," என்றாள். "ஆனா இத நீங்க இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா பூசை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி சொன்னேன். நாற்பது வருஷம் என்றதும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"நாப்பது வருசமா? அப்ப எனக்கு எத்தன வயசுலே?"

"தொண்ணூத்தெட்டு."

"அதுவரைக்கும் சர்க்காருக்கு நான் ஆளனுப்பணுமா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல மூணு மாசத்துக்குப் போட்டியே. இதுல வருசம் எழுதியிருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"பாத்தியா?"

தப்பித்துக்கொள்ள அந்தப் பழைய பதில் நாக்கு நுனியில் இருந்தது. மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பாத்தேம்மா."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குழம்பு கொதிக்கும் அடுப்பையும், சுவரோரம் காயும் பிள்ளையின் துணிகளையும் ஒரு தடவை பார்த்தாள். அதில் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. நான் வெட்கத்தில் குன்றிப்போய் நின்றேன்.

சாயங்காலம் அவளாகவே கேட்டாள், இப்போது விற்றால் எவ்வளவு வரும் என்று. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்றேன். குறைவதை நான் கடன் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாம். முப்பத்தாறு வருசம் கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்குன்னு கழிச்சாக, சாக்குக்குன்னு கழிச்சாக. வாயத் தொறக்காம நின்னேன். இனிமே என்னால ஒரு கழிவும் குடுக்க முடியாது. ஒன் கடன்லயும் எனக்கு வீடு வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்க வட்டி வருதுல்ல, அது எவ்வளவு?"

சொன்னேன். அதை ஆறாகப் பிரித்துச் சொல்லச் சொன்னாள். பிரித்துச் சொன்னேன்.

மறுநாள் பஸ் ஏறி ஏலப்பாறைக்குப் போனாள். சூப்பர்வைசர் வீட்டில் என்ன பேசினாளோ தெரியாது. வாக்குத் தவறினதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பாள், அவள் அதை யாரிடமும் செய்து நான் பார்த்ததில்லை. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தியின் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தாள். வட்டியில் வாடகை போக அரிசிக்கும் கொஞ்சம் மிஞ்சும். அது அவள் பெயரில் உள்ள வீடு அல்ல. வீட்டுக்காரி நினைத்தால் என்றைக்கும் சாவி கேட்கலாம்.

புறப்படுகிற அன்று காலை, தகரப்பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு விஷயம் பாதிதான் புரிந்திருந்தது, பாட்டியின் சேலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் செத்துப்போனா அந்தப் பத்திரம் யாருக்குப் போகும்?"

"எனக்கும்மா. கணக்கு ஆரம்பிக்கும்போது நாமினின்னு என் பேரத்தான போட்டோம்."

"அத மாத்த முடியுமா?"

முடியும் என்றேன். தளத்தைத் திறந்தேன். என் பெயரை எடுத்துவிட்டேன். யார் பெயரை எழுத என்று நான் கேட்குமுன்னே, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவியைக் கையால் காட்டினாள். அவள் பதறிப்போய், "எனக்கு எதுக்கு அத்த? பிள்ள பேரு போடச் சொல்லுங்க" என்றாள். அம்மா கேட்கவில்லை. உறவு என்ற இடத்தில் மருமகள் என்று எழுதினேன். எத்தனை பங்கு என்று தளம் கேட்டது. நூறு என்று எழுதினேன். எனக்கு வலித்தது என்றே சொல்கிறேன்.

"கோவத்துல செய்யலய்யா," என்றாள் அம்மா. "நாப்பது வருசம் கழிச்சு ஒனக்கு வேணும்னா அவகிட்டக் கேளு. நீ கேட்டா அவ குடுப்பா."

பிறகு, மாற்றத்தை உறுதி செய்யத் தன் போனுக்கு வந்த ஆறு எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் அவள் சொன்ன வரிசையிலேயே தட்டினேன்.