கட்டம் சார் பாடம் எடுத்த கதை

எங்கள் பள்ளியைத் தொடங்கி வைத்தவர்கள் என்று இப்போது ஊரில் நாற்பது பேராவது மார்தட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். நான் எண்ணியபோது ஆசிரியர்கள் நான்கு பேர், பிள்ளைகள் அறுபத்தோரு பேர், காவலாளி ஒருவர், அவ்வளவுதான். அந்த நாற்பது பேரும் அன்று எங்கே போயிருந்தார்களோ தெரியவில்லை.

நகரத்தின் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் புதிதாக வீடுகள் முளைத்திருந்த காலம் அது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பேருந்தில் தொங்கிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். பெற்றோர்கள் மனுமேல் மனுவாகக் கொடுத்ததில் அரசாங்கம் உயர்நிலைப்பள்ளிக்கு அனுமதி தந்தது. கட்டடம் தரவில்லை. மூடிக்கிடந்த டயர் கிடங்கைக் காட்டி, இப்போதைக்கு இதில் நடத்துங்கள் என்றார்கள். அந்த 'இப்போதைக்கு' ஐந்து வருடம் நீண்டது.

கிடங்கை இரும்பு அலமாரிகளால் மூன்றாகத் தடுத்து மூன்று வகுப்புகள் நடத்தினோம். நான் போர்களைப் பற்றிப் பேசினால் பக்கத்து வகுப்புக் கணக்கில் பிழை வரும். அங்கேதான் அறிவியல் ஆசிரியராக ஒருவர் வந்து சேர்ந்தார். இருபத்தொன்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, பையில் நான்கு நிறப் பேனா. பேனாக்களைப் பார்த்து நான்கூட, பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது எனக்கு.

முதல் வாரமே குட்டு உடைந்தது. அலமாரிக்கு இந்தப் பக்கம் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்து, "ஐஸ் கட்டி தண்ணில ஏன் சார் மிதக்குது?" என்று கேட்டாள்.

"அது அதோட இயல்பும்மா."

"அப்ப கப்பல் சார்? இரும்போட இயல்பு முழுகறதுதானே?"

டப்பென்று புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "எல்லாரும் பாடத்த அஞ்சு தடவ எழுதுங்க" என்றார். என் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு அதில் இல்லை. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்ற முடிவு மட்டும் இருந்தது.

வழி தானாகவே கிடைத்தது. அடுத்த வருடம் இன்னும் மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். ஒரே வகுப்புக்கு இரண்டு பேர் போய், சாக்பீஸும் கையுமாக முட்டிக்கொண்டு நின்றோம். அவர் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, யார் எப்போது எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று நான்கு நிறத்தில் எழுதி வந்தார். தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம். "இனிமே இத நீங்களே பாத்துக்குங்க சார்" என்றார். அதற்கு நேரம் வேண்டுமே என்று வாரத்தில் இரண்டு பாடவேளையை அவருக்குக் குறைத்தும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கட்டம் சார்.

பள்ளி வளர வளர அவருடைய பாடவேளை தேய்ந்தது. சொந்தக் கட்டடத்துக்கு மாறியபோது பன்னிரண்டு பிரிவுகள். பத்தாம் வருடம் இருபத்தாறு பிரிவுகள், காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். அறிவியல் கூடத்துக்கென்று கட்டிய அறையில் பாதியை அவர் பிடித்துக்கொண்டார். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள். கதவைத் தட்டாமல் உள்ளே போனால், "துண்டு பறந்திடும், மெதுவா!" என்று பதறுவார். பிள்ளைகள் கூடத்தின் மறுபாதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமிலத்தைக் கையாண்டார்கள். பறக்கக் கூடாதது அவருடைய காகிதம் மட்டும்தான்.

ஜோசியர் போட்ட கட்டத்துக்குக்கூடப் பரிகாரம் உண்டு, இவர் போட்ட கட்டத்துக்குக் கிடையாது. அவருக்குப் பிடிக்காதவர்களுக்குத் தினமும் கடைசிப் பாடவேளை. அவர் மனைவியின் தம்பிக்குப் பெண் கொடுக்க மறுத்த ஓவிய ஆசிரியருக்கு இரண்டு வருடம் முதல் மணியும் கடைசி மணியும், நடுவில் நான்கு மணி நேரம் வெட்டி. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? என் இரண்டு குழந்தைகளையும் காப்பகத்திலிருந்து அழைத்துவர எனக்குக் கடைசி வேளை ஓய்வு தேவைப்பட்டது. தினமும் டீ எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்து, "உங்க மூளை யாருக்கு சார் வரும்!" என்றேன். ஒன்பது வருடம் சொன்னேன். வெட்கம் கெட்டவள்.

ஆனால் மேலிடத்துக்கு அனுப்பும் தாளில், ஒவ்வொரு ஆசிரியரும் பாடம் எடுப்பதாகக் காட்டியாக வேண்டும். அதற்காக அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்கு இயற்பியல் ஆசிரியர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அந்த வேளையில் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். கடைசிப் பிரிவில் கேட்பாரற்ற வீட்டுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். வருடம்தோறும் ஐம்பது பேர் இயற்பியலைத் தாங்களாகவே படித்து, பாதிக்கு மேல் தாங்களாகவே தோற்றார்கள். அந்த வகுப்புக்கு மூளை போதாது என்று அவரே ஆசிரியர் கூட்டத்தில் சொல்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்துப் பக்கமே வராமல் கோணல் என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

பத்தொன்பதாம் வருடம் புதிய தலைமையாசிரியர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையெல்லாம் முதல் பிரிவில் குவிக்கும் வழக்கத்தை நிறுத்தி, சீட்டுக் குலுக்கிப் பிரிவுகளைப் பிரித்தார். கட்டம் சார் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளில் இது நடந்து முடிந்து, பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பிரிவில் பதினேழாவது பெயர் அவருடைய மகளுடையது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சமையலறைச் சுவர். தாளிக்கும் சத்தமே கேட்கும் என்றால் சண்டை கேட்காதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"எங்க கிளாஸுக்கு பிசிக்ஸ் எடுக்கறது யாருப்பா?"

"லைப்ரரில படிக்கறீங்கல்ல?"

"ஆபீஸ் போர்டுல உங்க பேரு இருக்கு. வாரம் அஞ்சு பீரியட். உங்கப்பா எங்க போனாருன்னு பசங்க என்னைக் கேக்கறாங்க."

"நாளைக்கே உன்னை வேற செக்‌ஷனுக்கு மாத்திடறேன். நல்ல சார் இருக்காரு அங்க."

"நான் போயிட்டா? மீதி அம்பத்தோரு பேரு?"

"அது வேற விஷயம்மா."

"என்ன வேற விஷயம்?" இது அவர் மனைவியின் குரல். மருத்துவமனையில் செவிலியர். "நான் இன்னிக்கு வார்டுக்குப் போகாம, போனேன்னு எழுதிட்டு வீட்ல உக்காந்தா அதுக்குப் பேரு என்ன? சொல்லுங்களேன்."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கட்டம் சார் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

எங்களுக்கு இயற்பியல் நடத்த ஆசிரியர் வர வேண்டும் என்று புதன்கிழமை தலைமையாசிரியர் மேசைக்கு ஒரு மனு போனது. ஐம்பத்திரண்டு கையெழுத்து, முதல் கையெழுத்து மகளுடையது. அன்று மதியம் கட்டம் சார் ஆசிரியர் அறைக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவராக எங்களிடம் வந்தது அப்போதுதான்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். என்னை விட்டா இந்த ஸ்கூல் ஒரு நாள் நடக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது வருடம் டீ கொடுத்தவள் நான்தானே. மென்று முழுங்கி, "முயற்சி பண்ணிப் பாக்கலாமே சார்" என்றேன். அதைத் தாண்டி எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைமையாசிரியர் உத்தரவில் அட்டவணை வேலை புதிதாக வந்திருந்த தமிழாசிரியையிடம் போனது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மூன்று நாளில் முடித்தாள். இரண்டு இடத்தில் மோதல் வந்தது, அதையும் மறுநாள் சரி செய்தாள். மணி அடித்தது, வகுப்பு நடந்தது. பதினேழு வருடம் ஒரு மனிதர் குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டியதை நாங்கள் படை நடத்துவதாக நினைத்திருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வகுப்புக்குப் போனார். பக்கத்து அறையில் நான். வேண்டுமென்றே என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். 'இயக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் கரும்பலகையில் தலைப்பு எழுதி அடிக்கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. சாக்பீஸ் உடைந்தது. ஒரு பையன் கேட்டான்: "ஓடற பஸ்ஸுக்குள்ள எகிறிக் குதிச்சா, பஸ் முன்னாடி போயிருக்கணுமே சார். ஏன் அதே எடத்துல விழறோம்?"

"அது அடுத்த வருஷப் பாடம். உக்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு மகளின் குரல். "இல்ல சார். இந்த வருஷப் பாடம்தான். நாப்பத்தேழாம் பக்கம்."

சார் என்றாள். அந்த ஒரு சொல் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! புத்தகம் புரளும் ஓசை கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியல. படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். பிள்ளைகள் சிரிக்காததால் எனக்கும் முடியவில்லை.

மறுநாள் வந்து சொன்னார். பாதி தப்பு. அதற்கு மறுநாள் திருத்திச் சொன்னார். இப்படியே வருடம் ஓடியது. அவர் நல்ல ஆசிரியராகிவிட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பாடம் நடத்தும்போது கரும்பலகையைத்தான் பார்ப்பார். கேள்வி வந்தால் கைக்குட்டையைத் தேடுவார். ஆனால் வகுப்புக்குப் போனார், ஒரு நாள் விடாமல்.

ஆண்டுத் தேர்வில் ஐம்பத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் இயற்பியலில் தேறவில்லை. முந்தைய வருடங்களில் முப்பதுக்குக் குறைந்ததில்லை. விடுமுறையில் அந்தப் பதின்மூன்று பேரையும் வரவழைத்து, தன் பழைய அறையில் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். பதினொரு பேர் மறுதேர்வில் கரையேறினார்கள். மகள் அந்த விடுமுறை முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்தாள் என்று அவர் மனைவி சொன்னார்.

கரையேறாத இரண்டு பேரில் ஒருத்தி இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நிறுத்தத்தில் அவரைக் கண்டால் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போகிறாள். போன மாதம் நாங்கள் இருவரும் அங்கே நின்றிருந்தபோதும் அடித்தாள். ஓய்வு பெற்றுப் பல வருடமான அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "மரியாதைக்கு அடிக்கறாளா, கிண்டலுக்கு அடிக்கறாளா டீச்சர்?" என்று கேட்டார்.

கிண்டலுக்குத்தான் என்றேன்.