சும்மா டிபார்ட்மெண்ட்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டது அல்ல. ராத்திரி நடந்ததும் அல்ல. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த கூடத்தில், நாற்பது பேர் நடுவில் நடந்தது. நம்பாதவர்கள் என் தங்கை வீட்டுக்கு வாருங்கள். வாசல் அறையிலேயே பார்க்கலாம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

உங்கள் சமையலறையில் அடுப்பு ஒரு மூலையிலும் தண்ணீர்க் குழாய் எதிர் மூலையிலும் இருந்தால் என்ன ஆகும்? நாள் முழுக்கக் குறுக்கே நடந்தே கால் ஓய்ந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நடை மிச்சம். தொழிற்சாலையும் இப்படித்தான். எங்களுடையது இரும்பு அலமாரி செய்யும் இடம். தகடு வெட்டுவது, பிரஸ்ஸில் மடிப்பது, வெல்டிங், பெயிண்ட், பேக்கிங் எல்லாம் தனித்தனி டிபார்ட்மெண்ட். எதிலிருந்து எதற்குத் தினம் எத்தனை தள்ளுவண்டி போகிறது என்ற அட்டவணையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பேன். அது இரண்டு டிபார்ட்மெண்டை இடம் மாற்றிப் பார்க்கும். மொத்த நடை குறைந்தால் வைத்துக்கொள்ளும், கூடினால் பழையபடி விட்டுவிடும். பிறகு வேறு இரண்டு. இனி எதை மாற்றினாலும் குறையாது என்னும்வரை ஓயாது. திரையில் கட்டங்கள் தாவித் தாவி இடம் பிடிப்பதைச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குத் தெரிந்தது ஒரே விதிதான். எவற்றுக்கிடையே போக்குவரத்து இருக்கிறதோ, அவற்றை அருகில் கொண்டுவந்து சேர்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கம்ப்யூட்டருக்குக் காலியிடம் என்றால் புரியாது. தரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். எங்கள் கூடத்தில் பெயிண்ட் அறைக்குப் பின்னால் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. அதற்கு ஒரு பொய் டிபார்ட்மெண்ட் உருவாக்கி, ‘சும்மா’ என்று பெயர் வைத்தேன். போவது பூஜ்யம், வருவது பூஜ்யம்.

என் தங்கையின் கணவர் அங்கேதான் பெரிய பிரஸ் ஓட்டினார். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். வாய் ஓயாத மனிதர். பிரஸ் சத்தத்தையும் மீறி அவர் சிரிப்பு கேட்கும். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“மச்சான், என்னைய அந்த டிபார்ட்மெண்டுக்கு மாத்தி விடுங்க. சும்மாவே இருந்து சம்பளம் வாங்குறேன்.”

“தங்கச்சி விடுவாளா?”

“அவளுக்கென்ன, இப்பவே நான் சும்மாதான் இருக்கேன்னு சொல்றா.”

கம்ப்யூட்டரில் கணக்கை முதல் தடவை ஓட்டினேன். ‘சும்மா’ மூலையில் கிடக்க வேண்டும். ஆனால் அது நகர்ந்தது. வெல்டிங்கைத் தாண்டி, பெரிய பிரஸ்ஸின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

போக்குவரத்தே இல்லாத ஒன்று ஏன் நகர வேண்டும்?

அட்டவணையைத் திறந்தேன். பிரஸ்ஸிலிருந்து சும்மாவுக்குத் தினம் ஒரு வண்டி. திரும்பி வருவது பூஜ்யம்.

அந்த எண்களை நான் அடிப்பதில்லை. ஒவ்வொரு தள்ளுவண்டிக்கும் அடியில் ஒரு எலக்ட்ரானிக் சில்லு ஒட்டியிருந்தோம். எங்கே போகிறது, எத்தனை கிலோ சுமக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இந்த வண்டியின் சில்லு எண் பதினான்கு. தினம் மதியம் 2.40. தினம் ஒரே எடை. 68.4 கிலோ.

எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு வண்டிகள்தான்.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். பதினான்காம் சில்லு உறை பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க முடியும். அழித்துப் பூஜ்யம் போட்டேன். மறுநாள் மறுபடி ஒன்று.

அன்று மதியம் கீழே இறங்கி, பிரஸ் வரிசைக்கு எதிரே நின்றேன். மாப்பிள்ளை பக்கத்து ஆளிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தார். 2.40.

கிரீச்... டக். கிரீச்... டக்.

சக்கரத்தில் ஒரு பக்கம் பிளந்திருந்தால் வரும் சத்தம். வண்டி எதுவும் இல்லை.

ஆனால் பிரஸ் வரிசையில் நின்ற நான்கு பேரும், ஒருவர் பின் ஒருவராக, அரையடி பின்னால் ஒதுங்கினார்கள். பேச்சை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டிக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி, பிறகு பழைய இடத்துக்கே வந்தார்கள்.

“மாப்பிள்ளை, இப்ப ஏன் ஒதுங்குனீங்க?”

“யாரு, நானா? எப்ப?”

சத்தம் பெயிண்ட் அறைக்குப் பின்னால் போய் நின்றது. திரும்பி வரவில்லை.

எனக்கு ஒன்றுதான் புரிந்தது. இதுவரை அந்த மூலை தூரத்தில் இருந்தது. அந்த வண்டி தினம் இவர்களைக் கடந்து போய்விட்டது. இப்போது கம்ப்யூட்டர் நடையைக் குறைக்கிறது. மூலை பக்கத்தில் வந்துவிட்டால் வண்டி கடந்து போகாது, இவர்களிடமே நிற்கும்.

மேனேஜரிடம் போனேன்.

“சார், அந்த மூலைய மட்டும் நகராம பூட்டி வெச்சுடலாம்.”

“எதுக்கு?”

“அங்க ஒரு வண்டி போகுது சார்.”

“காலி எடத்துக்கு என்னய்யா வண்டி?”

“தெரியல சார்.”

“சும்மா எதையாவது கெளப்பாத. புது பிளான்ல முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு.”

“அப்ப பிரஸ்ஸுக்கு முன்னால வழியாவது விடுங்க. ஒதுங்க எடமே இல்ல.”

“அதான் மிச்சம்னு உன் கம்ப்யூட்டரே சொல்லுதே!”

மாப்பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். பெரிய பிரஸ்ஸை ஓட்ட வேறு ஆள் இல்லை என்றார். வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையிடமே கெஞ்சினேன், ஒரு வாரம் லீவு போடுங்கள் என்று.

“லீவெல்லாம் பிரசவத்துக்குச் சேத்து வெச்சிருக்கேன் மச்சான். புள்ளையத் தூக்க நான் இருக்க வேணாமா?”

தங்கை என்னைப் பார்த்தாள். “என்னண்ணா? ஏதாவது பிரச்சினையா?”

ஒன்றுமில்லை என்றேன்.

தொழிற்சாலையை மூடிவைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். காலியிடத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. மற்றவற்றை நகர்த்தினால் அது தானாக வந்து நிற்கும். வந்து நின்றது. பெரிய பிரஸ்ஸை ஒட்டி, தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம். உள்ளே ஒன்றுமில்லை.

திறந்த முதல் நாள், இரண்டரை மணிக்கே போய் அவர் பக்கத்தில் நின்றேன். கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று கணக்கு.

“என்ன மச்சான், காவலா?”

“ஆமா.”

சிரித்தார்.

2.40.

கிரீச்... டக்.

வரிசையின் அந்தக் கோடியில் முதல் ஆள் ஒதுங்கினார். பிறகு அடுத்தவர்... பிறகு அடுத்தவர்...

கிரீச்... டக்.

மாப்பிள்ளை பின்னால் கால் வைத்தார். முதுகு பிரஸ் தூணில் இடித்தது.

என்னைப் பார்த்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

“மச்சான்... ஒதுங்க எடம்...”

சத்தம் நின்றது.

அவர் நகர்ந்தார்.

நடக்கவில்லை. கால் தூக்கவில்லை. நின்றபடியே... பூட்ஸ் தரையில் உரச...

மஞ்சள் கோட்டைத் தாண்டி...

உள்ளே.

கையை நீட்டினேன். எட்டவில்லை.

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

நான் அரையடி பின்னால் நின்றிருந்தேன்.

நானும் ஒதுங்கியிருந்தேன்.

கட்டத்தின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அடிபடவில்லை. கூப்பிட்டால் திரும்பினார். கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் தலை முதல் கால்வரை படம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

குழந்தை பிறந்தது. பெண். மடியில் வைத்தோம். அது நழுவியது. அவர் கை அசையவில்லை. தங்கைதான் பாய்ந்து பிடித்தாள். இப்போது நாள் முழுக்க வாசல் அறை நாற்காலியில் இருக்கிறார். ஊட்டினால் சாப்பிடுவார். என்ன கேட்டாலும் ஒரே பதில்.

“என்னங்க பண்றீங்க?”

“சும்மா.”

“என்ன யோசிக்கிறீங்க?”

“சும்மா.”

அந்த மஞ்சள் கட்டத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை. மதியம் யாரும் ஒதுங்குவதும் இல்லை. அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

மாதங்கள் கழித்து, மருந்துச் சீட்டு எதையோ தேடும்போது ஆஸ்பத்திரிக் காகிதங்கள் என் கையில் கிடைத்தன. முதல் நாள் அவரை உடுப்பும் பூட்ஸுமாக அப்படியே நிறுத்தி எடை பார்த்திருக்கிறார்கள்.

68.4.

அட்டவணையில் பிரஸ்ஸிலிருந்து சும்மாவுக்கு இப்போது பூஜ்யம். அதற்கு எதிர்க் கட்டம் ஒன்று உண்டு. சும்மாவிலிருந்து பிரஸ்ஸுக்கு. தங்கைக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“அதுல ஒரு ஒன்னு போட்டுடுண்ணா.”

தினம் வேலை முடிந்து கிளம்பும்போது போடுகிறேன். ஒன்று என்று அடித்து, சேமித்து, ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இருக்கும்.

காலையில் வந்து திறந்தால், பூஜ்யம்.