கீறலா, விரிசலா

மலையில் பாதை மூடிய பிறகு, பனிக்குள் இருக்கும் வீடுகளுக்கு பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த வேலை. வண்டியின் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ் ஏறி, மலைக்குக் கீழே மில்பிடாஸ் என்ற ஊரில் தன் வீட்டு கராஜில் ரிப்பேர் பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் வந்தேன்.

ஒல்லியான மனிதர். ஆபீஸ் சட்டை, தலையில் மங்கி கேப். உலோகத்தைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே கிளட்ச் தட்டில் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது.

"ஸ்பிரிங், புஷ் மாத்தி ரீபில்ட் பண்ணிடலாமுங்க தம்பி. ஆனா இது கீறலா, விரிசலான்னு தெரியலை. விரிசல்னா ஓடறப்ப சிதறும். உங்க முழங்காலுக்குப் பக்கத்துலதான இருக்குது?"

"புதுசு வர பத்து நாள் ஆகும் சார். அதுக்குள்ள வேற ஆளை வச்சிருவாங்க. கீறல்தான், பண்ணிக் குடுங்க."

அவர் தட்டை வைஸ் பிடியில் இறுக்கி, சுத்தியலால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் அது உடைந்தது.

"யோவ்!" என்று கத்திவிட்டேன்.

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய விரிசல் என்றால் உள்ளே கறுத்திருக்கும். இது முழுக்கப் பளபளவென்று இருந்தது.

"கீறல்தானுங்க" என்றார். "புதுசே ஆர்டர் பண்ணிக்குங்க."

வேலை போயிற்று. வேறு வேலை தேடி டெக்சாஸுக்குப் பஸ் ஏறினேன். அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் இதுவரை என் வேலைகள் போகக் காரணமாக இருந்தவர்களில், என் காலைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.