மூக்கம்மாவின் ஜலதோஷம்

அந்தப் புரத ஆய்வுக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மூக்கம்மா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். புரதத்தின் சங்கிலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது அவள் வேலை. சங்கிலிகளைப் பிணைத்திருக்கும் கந்தக முடிச்சை அவிழ்க்க மெர்காப்டோ என்றொரு திரவம் வேண்டும். அழுகிய முட்டையே தேவலை என்கிற நாற்றம். மெர்காப்டோ கலந்த கரைசலும் கலக்காததும் ஒரே நீலம், ஒரே மாதிரிக் குப்பி. மற்றவர்கள் லேபிள் ஒட்டுவார்கள். இவளா ஒட்டுவாள்? "அப்புறம் மூக்கு எதுக்கு இருக்கு?" என்பாள். பன்னிரண்டு வருஷமாக அந்த மூக்கு அவளை ஏமாற்றியதில்லை.

வீட்டில் தையல்காரக் கணவர் தினமும் வாசலிலேயே மறிப்பார். "முதல்ல குளி. அப்புறந்தான் பேச்சு."

அந்த வாரம் அவளுக்குச் சரியான ஜலதோஷம். மூக்கடைப்போடு புரதம் ஒன்றைக் கரைசலில் கொதிக்கவைத்து, ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் ஓட்டி, சாயம் ஏற்றினாள். சங்கிலிக்கு ஒரு பட்டை என்பது கணக்கு. ஒரே ஒரு பட்டைதான் தெரிந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு சங்கிலி என்று ஊரே நம்பியது ஒற்றைச் சங்கிலியாம்.

"நாளைக்கே கட்டுரையை அனுப்பிடறேன். உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி லெட்டரும் போட்டுடறேன்" என்றார்.

பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். கணவர் மறிக்கவே இல்லை.

"என்னங்க, குளிக்கச் சொல்லலையா?"

"நீதான் இன்னிக்கு நாறவே இல்லையே. லீவு போட்டியா?"

அவளுக்குப் பகீரென்றது. நாறவில்லை என்றால் மெர்காப்டோ இல்லாத குப்பியை எடுத்திருக்கிறாள். முடிச்சு அவிழாமல் இரண்டு சங்கிலியும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன. சொன்னால் லெட்டர் போச்சு. சொல்லாவிட்டால் தப்பு அச்சேறும்.

காலையில் நேராகப் பேராசிரியரிடம் போனாள். "குப்பி மாறிப்போச்சு சார். தப்பு என்னோடதுதான்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னொரு தடவை ஓட்டு" என்றார்.

இந்தத் தடவை குப்பியைத் திறந்து அவர் மூக்கருகிலேயே நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கினார். சரியான குப்பிதான். மாலையில் ஜெல்லில் இரண்டு பட்டைகள் பளிச்சென்று நின்றன. பேராசிரியர் கட்டுரையைக் கிடப்பில் போட்டார். பிறகு மேசையிலிருந்த லெட்டரை இழுத்துக்கொண்டார்.

"முதல்ல அந்தக் குப்பிங்களுக்கு லேபிள் ஒட்டு. அப்புறம் கையெழுத்து போடறேன்."

ஒட்டினாள். அவரும் போட்டார்.

வீட்டு வாசலில் கணவர் கையை நீட்டி மறித்தார். "முதல்ல குளி."

மூக்கம்மா படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "குளிக்கறேங்க. ஆனா பழகிக்கோங்க. இனிமே இந்த நாத்தம் நிரந்தரம்."