பக்கத்துக் கட்டில்காரரின் பாதம்

வைத்தியப் புத்தகங்களை வாசித்து, என் காலில் நாடி நின்றுவிட்டதென்று நானே முடிவுகட்டி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவன் நான். நாடியைத் தவறான இடத்தில் தேடியிருக்கிறீர்கள் என்று சிரிக்காமல் சொன்னார் டாக்டர். வீட்டுக்குப் போகத் துண்டுச் சீட்டு வரும்வரை வேலையில்லாமல் கிடந்தபோதுதான் பக்கத்துக் கட்டில்காரரைக் கவனித்தேன்.

நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்பவர். நரைத்த தாடி, கழற்றாத தொப்பி, கறுத்துப்போன கால் பெருவிரல். அடைபட்ட இரத்தக் குழாய்க்கு மாற்றுக் குழாய் பொருத்தி, குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கும் நரம்பையும் வயிற்றுக்குள் வெட்டியிருந்தார்கள். இனிப் பாதத்தில் சூடு வரவேண்டும். வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். அவரோ வயிற்றுத் தையலோடு குனிய முடியாமல், நல்ல காலால் மற்றப் பாதத்தை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"வாய்க்காலும் வெட்டி, மதகையும் தொறந்தாச்சி தம்பி. தண்ணி வந்திரிக்கா எண்டு ஒருக்காத் தொட்டுப் பாருங்களன். வரம்பு மிதிச்சுக் காய்ச்சுப்போன கால், எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல."

தொட்டேன். இவ்வளவு வாசித்தவனுக்கு, ஒரு காலின் சூட்டை எதனோடு ஒப்பிடுவதென்று தெரியவில்லை. ஆனாலும் கைக்கு இதமாகத்தான் பட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடாத்தான் இரிக்கி காக்கா" என்றேன், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினார். தடவுவதையும் நிறுத்திவிட்டார்.

அந்தக் காலை எடுத்தார்களா, விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வரும் வழியில், நான் சொன்ன நல்ல சேதியைப் பற்றி, கூட்டிப்போக வந்த மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"உங்கட கை எப்பவும் ஐஸ்கட்டி. நீங்க செத்துக் கெடக்கிற மையத்தத் தொட்டாலும் சூடு எண்டுதான் செல்லுவீங்க" என்றாள்.