சராசரி பதினாறு

வாசல் கேட்டருகே சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு பழைய கைப்பேசியை இரு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார் தராசுக்காரர். செயற்கைக்கோள்கள் அகப்பட வேண்டும். நான்காவது அகப்பட்டால்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அந்தக் கைப்பேசிக்கே தெரியும். புதுக் கைப்பேசிகளுக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை. இதற்கு ஆறு நிமிடம், மேகம் இருந்தால் ஒன்பது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மனைவிக்கு அத்தனை நிமிடமும் பற்றிக்கொண்டு வரும்.

“மூணு கிடைச்சாச்சு!” என்று அங்கிருந்தே அறிவிப்பார்.

“நாலாவது நாளைக்கு வரும். கிளம்புங்க முதல்ல,” என்பாள்.

கிளம்பமாட்டார். பதிவாகாத பயணம் அவரைப் பொறுத்தவரை போகாத பயணம்.

அந்தக் கைப்பேசி மகள் கல்லூரியில் படித்தபோது வைத்திருந்து, வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். சிம் கிடையாது. மணி அடிக்காது, யாரையும் கூப்பிடாது. அதற்குக் ‘கிழம்’ என்று மனைவிதான் பெயர் வைத்தாள். பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாக வெட்டி, கைப்பிடிக் கம்பியில் கிழத்தை இறுகக் கட்டியிருப்பார். புறப்படும்போது பச்சைப் பொத்தான், திரும்பியதும் சிவப்புப் பொத்தான். நடுவில் போன வழி, வேகம், ஏறிய மேடு, நின்ற இடம் எல்லாம் தானாகப் பதியும். சாயங்காலம் வயரைச் செருகி எல்லாவற்றுக்கும் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைப்பார். மூன்று வருடம் ஓட்டியது தேதிவாரியாக அங்கே கிடக்கிறது. கல்யாண நாள் மட்டும் அவருக்கு இன்றுவரை நினைவில் நின்றதில்லை.

மகள் சொல்லிப் பார்த்தாள். “புது போன்ல நல்ல ஆப் போட்டுத் தரேன்ப்பா. நீங்க எங்க இருக்கீங்கன்னு அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“அந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியும்ல?”

“தெரிஞ்சா என்னப்பா?”

“என் கால் எங்க போகுதுன்னு அவனுக்கு எதுக்கும்மா?”

கிழத்தில் இருப்பது ஊர் பேர் தெரியாத பல பேர் சேர்ந்து எழுதி, இலவசமாக விட்டிருக்கும் திறந்த மூல மென்பொருள். அதைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். “உள்ள என்ன இருக்குன்னு திறந்து காட்டாத தராசை நான் நம்பமாட்டேன். இது திறந்து வெச்சது. யார் வேணா பார்க்கலாம்.”

“நீங்க பார்த்தீங்களா?” என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

“நான் பார்த்தா எனக்கு என்ன புரியும்? பார்க்க முடியுதுல்ல, அது போதும்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கடைத்தெருக் கோடியில் எட்டடி அகலத்தில் அவருடைய பழுதுக்கடை. எடை பார்க்கும் இயந்திரங்கள் மட்டும்தான் வரும். பூட்டுப் போட்ட மரப்பெட்டியில் சோதனை எடைக்கற்கள் வரிசையாக இருக்கும். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டார், யாரையும் தொடவிடமாட்டார். “வேர்வைக்கும் வெயிட் இருக்கு” என்பார். சில கடைக்காரர்கள் தங்கள் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களோடு வாதாடமாட்டார். துணியால் கல்லை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, எண் தெரியும் முகப்பை மெதுவாக அந்த ஆள் பக்கம் திருப்புவார். பிறகு மேஜைமேல் சிதறிக் கிடக்கும் திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார். எதிரில் இருப்பவர் பேச்சு அதோடு நின்றுபோகும்.

இத்தனை துல்லியமான மனிதருக்குப் பொத்தானை அழுத்த மட்டும் மறந்துபோகும். சிவப்பை மறந்த நாட்களில் அவர் குளியலறைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும்கூட வரைபடத்தில் கோடுகளாக விழுந்திருக்கும். அழித்துத் தொலையுங்களேன் என்றால், “பதிஞ்சது பதிஞ்சதுதான்” என்பார். பச்சையை மறந்தால் இன்னும் மோசம். வந்த வழியே திரும்பிப் போய், மொத்தத்தையும் மறுபடி ஓட்டிவிட்டு வருவார்.

இதையெல்லாம் கிறுக்கு என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் போன வருடம் அவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். முதல் பாதி மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. சிம் உள்ள கைப்பேசியை எடுத்துப் போகச் சொல்லி அவள் கெஞ்சினாள், கத்தினாள். அவர் அதைக் கடை இயந்திரத்தில் வைத்து நிறுத்துப் பார்த்து, “நூத்தி எண்பத்தாறு கிராம். அநாவசிய சுமை,” என்று ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டார். அவர் இருக்கும் இடம் வானத்திலுள்ள நான்கு செயற்கைக்கோள்களை வைத்துக் கிழத்துக்குத் தெரியும், கட்டியவளுக்குத் தெரியாது. தினமும் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றும் முன்பே, “சராசரி பதினாறு!” என்பார். மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். ஆப்பரேஷனுக்கு முன்பும் பதினாறு, பின்பும் பதினாறு. அந்த எண்ணைக் கேட்டுத்தான் அவளுக்கும் மூச்சு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனவர் ஏழரைக்கு வரவேண்டும். எட்டரை ஆகியும் வரவில்லை. ஃபிரிட்ஜ் மேலிருந்த கைப்பேசியை அவள் அழைத்துப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலேயே அது அடித்தது. எங்கே போய்த் தேடுவது? எந்த வழியாகப் போவார் என்றாவது தெரியட்டும் என்று கணினியைத் திறந்தாள். பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரைபடத்தில் விரிந்தன. எல்லாக் கோடுகளும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறின. ஏறுகிற வழியில், பாதி மேட்டில், ஒரே இடத்தில் நூல் சிக்கு விழுந்ததுபோல் புள்ளிகள் குவிந்திருந்தன.

பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தாமதமாக வருபவர்களின் நேரத்தைக் குறிக்கிறவள் அவள். நேரத்தைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் முன்பு அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறார். பிறகு ஐந்து. பிறகு ஒன்பது. சென்ற வாரம் பதினான்கு.

ஒன்பதே காலுக்குக் கேட் திறந்தது. சட்டை நனைந்து, முகம் வெளுத்து வந்தார். “பச்சையை அழுத்த மறந்துட்டேன். தெருமுனைக்கு வந்தப்பதான் பார்த்தேன். அதான் இன்னொரு சுத்து.”

அந்த இதயத்தை வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று! அவள் கணினித் திரையில் விரலை வைத்தாள். “இந்த மேட்டுல பதினாலு நிமிஷம் என்ன பண்ணீங்க?”

“வேடிக்கை பார்த்தேன்.”

“எதை? தண்ணித் தொட்டியையா?”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. உட்கார்ந்தா சரியாயிடுது.”

“எத்தனை நாளா?”

“அதான் தேதியோட இருக்கே.”

“அப்போ பதினாறு, பதினாறுன்னு தினமும் சொன்னதெல்லாம்?”

“அது பொய் இல்ல,” என்றார், தொழிலைக் குறை சொல்லிவிட்டதுபோல். “நின்ன நேரத்தைக் கழிச்சிட்டு, ஓடின நேரத்தை மட்டும் எடுத்துக்கோன்னு அதுல ஒரு வசதி இருக்கு. அப்படிப் பார்த்தா பதினாறுதான்.”

“மறைக்கணும்னு நினைச்சவர் இதையெல்லாம் அழிச்சிருக்கலாமே?”

“பதிஞ்சதை எப்படி அழிக்கிறது?” நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “டாக்டர்கிட்ட சொன்னா சைக்கிளை நிறுத்திடுவாங்க,” என்றார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஆறுமாதப் பரிசோதனை. கிளம்பும் முன் அவர் கைப்பிடிக் கம்பியிலிருந்து கிழத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பஸ்ல போறதுக்கும் அதுவா?”

“பஸ் எவ்வளவு வேகம் போகுதுன்னு பார்க்கலாமே.”

“நல்லா பாருங்க. நான் அங்க வாயைத் திறக்கமாட்டேன். உங்க நெஞ்சு, நீங்களே சொல்லுங்க,” என்றாள். சொல்லாவிட்டால் என்ன செய்வாள் என்பது அவளுக்கே தெரியாது.

டாக்டர், இவர்கள் மகள் வயதுப் பெண். கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “மேடு ஏறும்போது மூச்சு வாங்குதா? நெஞ்சு இறுக்குற மாதிரி ஏதாவது?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டுறேன். சராசரி பதினாறு.”

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று எதற்காகத்தான் சொன்னோமோ என்று இருந்தது.

“ரொம்ப நல்லது. அப்போ இதே மாத்திரையைத் தொடரலாம்.” டாக்டரின் பேனா காகிதத்தில் இறங்கியது.

“ஒரு நிமிஷம்,” என்றார் தராசுக்காரர்.

சட்டைப் பையிலிருந்து கிழத்தை எடுத்தார். அது விழித்துக்கொள்ள வழக்கம்போல் நேரம் எடுத்தது. டாக்டர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். தராசுக்காரர் கைக்குட்டையை எடுத்து விரிசல் விழுந்த கண்ணாடியை, எடைக்கல்லைத் துடைப்பதுபோல், சுத்தமாகத் துடைத்தார். விரலால் தள்ளித் தள்ளித் தண்ணீர்த்தொட்டி மேட்டைக் கொண்டுவந்தார். கைப்பேசியை மேஜைமேல் வைத்து, அதன் முகப்பை மெதுவாக டாக்டர் பக்கம் திருப்பினார். பிறகு, மேஜைமேல் சிதறிக் கிடந்த காகிதக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.